பற்கடிப்பு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவில், மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டுவந்த அவ்வீட்டு இளைஞரின் அறையிலிருந்து, ஆட்டுக்கல்லில் காய்ந்த அரிசி அரைபடுவது போன்ற ஒலி கேட்டது. காலையில் தாயார், “வயித்துல பூச்சி இருக்கும்” என்றார்; தந்தையார், “உள்ளுக்குள்ள கோவம்” என்றார்; பக்கத்து வீட்டு மலையாளி அம்மையார் “பல்லிறும்மல்” என்றார். உறக்கத்தில் பல்லை நறநறவென்று அரைக்கும் இந்த நிலைக்கு மருத்துவர் சீட்டில் இருந்த சொல் ‘ப்ரக்ஸிசம்’.

இச்சொல் பல்லைக் கடிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. 1907-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்நிலைக்கு ‘ப்ரூக்ஸோமனி’ என்று பெயரிட்டபோது, பித்து என்னும் பொருளும் அதில் ஒட்டியிருந்தது. 1931-இல் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கிய ‘ப்ரக்ஸிசம்’ அந்தப் பித்தை உதறிவிட்டது, நல்லவேளையாக.

தமிழில் ‘பல்லரைப்பு’, ‘நறநறப்பு’ என்றும் சொல்லலாம். ஆனால் இவை உரசலையும் ஒலியையும் மட்டுமே காட்டுகின்றன. பகலில் ஓசையின்றித் தாடையை இறுக்கிக்கொண்டிருப்பதும் இதே நிலைதான். இறுக்குவதையும் அரைப்பதையும் ஒருசேரத் தாங்கும் வினை நம்மிடம் ‘கடி’ ஒன்றே. மத்தேயு நற்செய்தியின் தமிழ் மொழிபெயர்ப்பில், அதே கிரேக்க வேரில் பிறந்த சொல்லுக்கு நேராக ‘பற்கடிப்பு’ என்றே நிற்கிறது. ஆகவே ‘உறக்கப் பற்கடிப்பு’, ‘விழிப்புப் பற்கடிப்பு’ என்று பிரித்து வழங்குவதே சரி என்பது என் துணிபு.

ஒரு சங்கடம் உண்டு. ‘பல்லைக் கடித்தான்’ என்றால் தமிழில் சினந்தான் அல்லது பொறுத்துக்கொண்டான் என்று பொருள். அதனால்தான் அந்தத் தந்தையார் நோயைக் கோபமாகப் படித்தார். உண்மையில் பதற்றமும் மன அழுத்தமும் மட்டுமல்ல, ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் சிலருக்கு இதைத் தூண்டுகின்றன. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார், அவரைக் கேளாமல் நாமே நிறுத்துவதுதான் ஆபத்து. அந்த இளைஞரின் கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. விழிக்கும்போதே கன்னப்பொட்டு வலித்தது. மனநல மருந்துகள் பல எச்சிலையும் குறைப்பதால், அமிலத்தைத் தணிக்க ஆளின்றித் தேய்ந்த பல் விரைவில் சொத்தையாகலாம்.

மனநோய் மருந்துகளை நெடுநாள் உட்கொண்டோர் சிலரிடம், விழித்திருக்கையில் நாக்கும் உதடும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும் நிலை வேறு. அதற்குப் பற்கடிப்பு என்னும் பெயர் பொருந்தாது.