வயிற்றுவார் பார்த்து வருவதில்லை

கல்லாறு பக்கமிருந்து அம்மம்மா, மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரன் என்று நாலு பேர் என்னிடம் வைத்தியத்துக்கு வந்திருந்தார்கள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பையன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தோளைக் குலுக்குகிறான், இடையிடையே கனைக்கிறான். கண் டொக்டரிடம் காட்டி, கண்ணூறு கழித்து, நூலும் கட்டியாயிற்று. ஒன்றரை வருடம் போய்விட்டது.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்றேன். அம்மம்மா முந்திக்கொண்டார்: "எங்கட வயித்துவாரில ஒருத்தருக்கும் இல்ல மனே." சொல்லிவிட்டு மருமகனை ஒரு பார்வை பார்த்தார். வயித்துவார் என்றால் தாய்வழி வம்சக் கிளை. இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். குறை மட்டும் எப்போதும் தகப்பன் பக்கத்தால்தான் வரும்!

கேள்வியை மாற்றினேன். கை கழுவிக்கொண்டே இருப்பவர்கள், ஒரே பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவர்கள்?

"என்ர தம்பி பஸ் ஏறினாலும் இறங்கி வந்து கேற்றைப் பார்த்திட்டுத்தான் போவான். அது அவன்ட குணம்" என்றார் அம்மம்மா.

குணமாகவும் இருக்கலாம், ஓசிடியாகவும் (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்) இருக்கலாம். பையனுக்கு இருப்பது டூரெட். தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் இந்தச் சிமிட்டல், குலுக்கல், கனைப்புக்கு 'டிக்' என்று பெயர்; அவை நீடித்தால் டூரெட். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வைத்தியரின் பெயர்தான் இந்த நோய்க்கு. டூரெட்டும் ஓசிடியும் மரபணுவில் ஓரளவு சொந்தக்காரர்கள். கவனம் நிலைக்காத ஏடிஎச்டியும் அடிக்கடி கூட வரும். ஒரே குடும்பத்தில் ஆண்பிள்ளைக்கு டிக்காகவும் பெண்பிள்ளைக்கு ஓசிடியாகவும் தெரிவதுண்டு.

1985இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு ஒன்றில், ஒருவருக்கு டூரெட் இருந்தால் மற்றவருக்கும் ஏதாவது டிக் இருந்தது ஒரே கருவில் பிரிந்தவர்களில் 77 வீதம், மற்ற இரட்டையரில் 23 வீதம். மரபு பெரிய பங்கு என்பது சரி. ஆனால் 77தான், 100 அல்ல. பெரும்பாலானோரில் இது ஒற்றை மரபணுவின் வேலையும் அல்ல; சின்னச் சின்ன மாற்றங்கள் பல, தாய் தகப்பன் இரு பக்கமிருந்தும் சேர்வது. அதனால் "இரத்தம் சோதிச்சுச் சொல்லுங்க" என்றால் என்னிடம் பதில் இல்லை. பார்த்து, கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம்.

டிக் பொதுவாக 10–12 வயதில் உச்சத்துக்குப் போகும். எங்கள் ஊரில் அது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை ஒட்டிய காலம். பதற்றமும் டிக்கைக் கூட்டும். "நிப்பாட்டு" என்று அதட்டினால் கொஞ்ச நேரம் அடக்குவான், அப்புறம் திரும்ப வரும். பலருக்குப் பதின்வயது முடிவதற்குள் தணிந்துவிடும். தணியாவிட்டாலோ, படிப்புக்கும் பழக்கத்துக்கும் இடைஞ்சலானாலோ, நடத்தைப் பயிற்சியும் மருந்தும் இருக்கின்றன.

எழும்பும்போதுதான் மருமகன் வாய் திறந்தார். "எனக்கும் சின்னனில கண் இப்படித்தான் டொக்டர். அப்பா அடிப்பார்."

அம்மம்மா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் வெளியே போனார்.