ரசம் பிடித்த மோதிரம்

காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. சிதறிய பாதரசத்தை அக்கா கையாலேயே கூட்டி எடுத்தாள். அவளுடைய கல்யாண மோதிரத்தின் ஒரு பக்கம் வெள்ளிபோல வெளுத்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை. கொழும்பில் நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனோம். நகை செய்யும் பத்தர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரசம் பிடிச்சிருக்கு தங்கச்சி. வீட்டில நெருப்பில காட்டிப்போடாதேங்கோ" என்றார்.

பாதரசமும் தங்கமும் கலந்த அந்த வெள்ளைப் படலத்துக்கு ஆங்கிலத்தில் அமல்கம் என்று பெயர். இரண்டு கம்பனிகள் ஒன்றாவதை அமல்கமேஷன் என்கிறார்களே, அது இதிலிருந்து வந்ததுதான். கம்பனிகளுக்கு முன்னால் இது இரசவாதிகளின் சொல். மத்தியகால லத்தீனில் அமல்கமா. அதற்கும் பின்னால் கிரேக்க மலக்மா இருந்திருக்கலாம் என்பது அகராதிகள் தரும் விளக்கம். மலக்மா என்றால் வீக்கத்துக்குப் போடும் பத்து. மலகோஸ் என்றால் மென்மை. சேர்ப்பதைச் சொல்லும் வார்த்தைக்கு அடியில் இளக்குவது கிடக்கிறது. மோதிரத்தில் நடந்ததும் அதுவேதான் என்பதால் இந்த வேர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். பாதரசமோ பூச்சியத்துக்குக் கீழ் 39 பாகையிலேயே உருகிவிடும். அதன் அணுக்கள் தம் வெளி இலத்திரன்களை இறுகப் பிடித்துக்கொள்வதால், ஒன்றையொன்று தளர்வாகத்தான் பற்றுகின்றன. கண்ணாடி மேல் விட்டால் முத்து முத்தாக உருளும். தங்கத்தின் மேல் விட்டால் பரவிவிடும். தங்கம் அதை அவ்வளவு பலமாக இழுக்கிறது. பிறகு தங்கத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் இறங்கி, அதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். கொழும்பின் 30 பாகைச் சூடே இதற்குப் போதும். பாதரசம் கூடினால் வெண்ணெய்போலக் குழையும். அந்தக் குழைவைச் செம்பில் பூசிச் சுட்டால் பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டி நிற்கும். பழைய தங்கமுலாம் இப்படித்தான் போட்டார்கள். அந்த ஆவி சுவாசித்தவரின் நரம்புகளைக் கெடுத்தது. பத்தர் நெருப்பு வேண்டாம் என்றது அதனால்தான்.

இரும்பு இதற்கு மசியாது. பாதரசத்தை இரும்புக் குடுவைகளில் அடைத்து அனுப்பினார்கள். பல் அடைக்கும் வெள்ளிநிறக் கலவையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளியும் தகரமும் செம்பும்.

சரி, தமிழில்? கண்ணாடியில் 'ரசம் போயிற்று' என்கிறோமே, அந்த ரசமும் இதுவே. முன்பு கண்ணாடியின் முதுகில் தகரத் தாளும் பாதரசமும் சேர்ந்த அமல்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளி பூசும் முறை வந்து அதைத் தள்ளிவிட்டது. அம்மம்மா வீட்டு நிலைக்கண்ணாடியில் உரிவது வெறும் வெள்ளிப் பூச்சுதான். நாங்கள் இன்னும் அதை ரசம் என்றுதான் சொல்கிறோம்.