சிஆர்எம்மையும் டேலியையும் இணைக்கப் போகிறீர்களா? சந்தா கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கோவையில் பம்ப்செட்டும் உதிரி பாகங்களும் விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். விசாரணைகள் இந்தியாமார்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன, ஆர்டர்கள் வெப்சைட்டில் விழுகின்றன. விற்பனைப் பிரிவு ஜோஹோ சிஆர்எம்மில், அதாவது வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளில், வேலை பார்க்கிறது. பில் போடுவது டேலி என்ற கணக்கு மென்பொருளில், பணம் வருவது ரேசர்பே என்ற பேமெண்ட் சேவையில். ஒரே வாடிக்கையாளரின் பெயரை நான்கு இடத்தில் நான்கு விதமாக அடித்து வைத்திருப்பார்கள். இவற்றையெல்லாம் இணைக்க ஒரு கருவி வாங்கலாம் என்று முடிவானதும் பலர் முதலில் பார்ப்பது, 'எத்தனை ஆயிரம் ஆப்களோடு இணையும்' என்கிற எண்ணிக்கையைத்தான். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உங்களுக்குத் தேவை நான்கைந்து செயலிகள். அவற்றில் எது எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரிந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நம் ஊர் நிறுவனங்களில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் டேலி. ஜாப்பியர், மேக், ஜோஹோ ஃப்ளோ போன்ற இணைப்புக் கருவிகள் எல்லாமே கிளவுடில், அதாவது இணையத்தில் இருக்கும் சர்வர்களில், ஓடுபவை. டேலியோ பெரும்பாலும் கணக்கர் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் தகவலை அது எக்ஸ்எம்எல் வடிவில், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசலில்) வாங்கிக்கொள்ளும். அப்போது டேலி திறந்திருக்க வேண்டும், உரிய கம்பெனியும் லோடு ஆகியிருக்க வேண்டும். மாலை 7 மணிக்குக் கணக்கர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால், 8 மணிக்கு வரும் ஆர்டர் போய்ச் சேர இடமில்லை. ஆகவே அலுவலகத்துக்குள் ஓடும் ஒரு சிறிய கனெக்டர் வேண்டும். வந்தவற்றை வரிசையில் வைத்திருந்து, டேலி திறந்ததும் அனுப்பும் வசதி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்குப் பதிலாக ரவுட்டரில் 9000 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம். கணக்குப் புத்தகத்தைத் தெருவில் விரித்து வைப்பதற்குச் சமம் அது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. டேலி ஒரு வாடிக்கையாளரின் லெட்ஜரை (கணக்கை) அதன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. சிஆர்எம்மில் 'ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்', டேலியில் 'ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ் கோவை' என்று இருந்தால் வவுச்சர், அதாவது அந்த பில்லின் பதிவு, உருவாகாது. ஆனாலும் டேலி அனுப்பும் பதிலின் நிலை எண் 200, அதாவது 'கோரிக்கை வந்து சேர்ந்தது'. பதிவு உண்மையில் விழுந்ததா என்பது அந்தப் பதிலின் உள்ளே, எத்தனை உருவானது, எத்தனை பிழை என்ற வரிகளில்தான் இருக்கும். நிலை எண்ணை மட்டும் பார்க்கும் கருவி பச்சை டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மாதக் கடைசியில் பில் குறைகிறது என்று தேடும்போதுதான் விஷயம் வெளியே வரும். எனவே பதிலின் உள்ளடக்கத்தைப் படித்து, 'உருவானது 0' என்றால் பிழையாகக் கருதும் நிபந்தனையை அந்தக் கருவியில் வைக்க முடியுமா என்று விற்பவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எது சாவி?

இரண்டு செயலிகளிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதைக் காட்டிக்கொடுக்கும் விவரம்தான் சாவி. பெயரை நம்பவே கூடாது. போன் எண் நல்ல சாவிதான், ஆனால் அது ஓர் இடத்தில் 10 இலக்கமாகவும், இன்னோர் இடத்தில் முன்னால் 0 சேர்த்தும், வேறோர் இடத்தில் +91 சேர்த்தும் கிடக்கும். எல்லாவற்றையும் +91-உடன் தொடங்கும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். இந்தச் சுத்தப்படுத்தலை எக்செல்லில் செய்பவர்கள் கவனியுங்கள்: 91-உடன் சேர்த்து 12 இலக்கம் ஆனதும் எக்செல் அதை 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கிய வடிவம்தான் கோப்பில் ஏறும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். எண்களை ஒட்டும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இன்னும் உறுதியான சாவி. 15 எழுத்துகளில் முதல் 2 மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33, கேரளம் 32), அடுத்த 10 பான் எண். ஒரே வாடிக்கையாளருக்குக் கோவையிலும் பாலக்காட்டிலும் கிளை இருந்தால் ஜிஎஸ்டி எண் இரண்டு, பான் ஒன்று. பில்லுக்கு ஜிஎஸ்டி எண்ணையும், 'இந்த நிறுவனம் மொத்தம் எவ்வளவு வாங்கியது' என்ற கணக்குக்குப் பான் எண்ணையும் சாவியாக வையுங்கள்.

சிஆர்எம்மாக சேல்ஸ்ஃபோர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் ரிப்போர்ட்டில் வரும் 15 எழுத்து அடையாள எண்ணில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. எக்செல்லில் தேடிப் பொருத்தும் ஃபார்முலாவான விலுக்கப் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, அதனால் ஒருவரின் விவரம் சத்தமில்லாமல் இன்னொருவர் மேல் ஏறிவிடும். 18 எழுத்து வடிவத்தையே எடுங்கள்.

விலைக் கணக்கு

ஜாப்பியர், மேக், என்8என் என்ற மூன்று இணைப்புக் கருவிகளின் விலைப் பட்டியலை அருகருகே வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் அவை எண்ணும் அலகே வேறு. ஜாப்பியர், வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயலையும் எண்ணுகிறது. மேக், ஒவ்வொரு மாட்யூலும் (ஓட்டத்தின் ஒரு படி) ஓடிய தடவையை எண்ணுகிறது, புதிதாக எதுவும் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. என்8என் கிளவுட், முதல் படியிலிருந்து கடைசிப் படி வரையிலான முழு ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணுகிறது.

நாளுக்கு 80 ஆர்டர், மாதம் 26 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் 5 செயல்கள்: சிஆர்எம்மில் வாடிக்கையாளரைத் தேடு, புதுப்பி, டீல் உருவாக்கு, டேலிக்கு அனுப்பு, வாட்ஸ்அப் செய்தி போடு. ஜாப்பியரில் 10,400. மேக்கில் அதே 10,400-உடன், 15 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் விடுமுறையும் சேர்த்து 30 நாளுக்கு 2,880 சேர்ந்து 13,280. என்8என்னில் 2,080. ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பதிவு செய்தால், அந்த ஒரு செயல் மட்டும் பொருள்களின் எண்ணிக்கையால் பெருகும். இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய் விலைப் பட்டியலைப் பாருங்கள். என்8என்னை உங்கள் சர்வரிலேயே நிறுவி ஓட்டலாம். ஆனால் பேக்கப், அப்டேட், நள்ளிரவில் சர்வர் நின்றால் எழுந்து பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில். அதற்கு ஓர் ஆள் இல்லாத நிறுவனம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஏர்பைட், ஃபைவ்ட்ரான் போன்றவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை முக்கியமாக, பல இடத் தரவை ஒரே கிடங்கில் குவித்து ரிப்போர்ட் எடுப்பதற்கானவை.

சோதனைக் காலத்தில் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

ஒரே பணம் செலுத்தல் அறிவிப்பை இரண்டு முறை அனுப்பிப் பாருங்கள். பேமெண்ட் நிறுவனங்கள் தானாக அனுப்பும் அறிவிப்பான வெப்ஹூக், உரிய நேரத்தில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ரேசர்பே ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அடையாள எண் தருகிறது. அதைக் குறித்துவைத்து, இரண்டாவது முறை வந்தால் ஒதுக்கிவிட முடியவில்லை என்றால், ஒரே ரசீது இரண்டு முறை விழும்.

சிஆர்எம்மில் முகவரியை மாற்றுங்கள். அது மற்ற செயலிக்குப் போய், அங்கிருந்து 'மாற்றம்' என்று திரும்பி வந்து, மறுபடி போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? இணைப்புக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கி, அந்த யூசர் செய்த மாற்றங்களைக் கருவி கண்டுகொள்ளாமல் விடும்படி வைத்தால் சுழற்சி நிற்கும். இருவழி இணைப்பு எல்லாப் புலத்துக்கும் (விவரக் கட்டத்துக்கும்) தேவையும் இல்லை. பாக்கித் தொகைக்கு டேலி சொல்வதே சரி, போன் எண்ணுக்கு சிஆர்எம் சொல்வதே சரி என்று புலம்வாரியாக எழுதி வையுங்கள்.

நள்ளிரவு 12.10-க்கு ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். பல கருவிகள் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். ஏப்ரல் 1 நள்ளிரவு 12.10 என்பது அங்கே மார்ச் 31 மாலை 6.40. மாற்றாமல் அனுப்பினால் பில் போன நிதியாண்டில் விழுந்துவிடும்.

தனி யூசருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைப்பை ஏற்படுத்திய ஊழியரின் சொந்த லாகின் வழியாகவே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால், அவர் வேலையை விட்டுப்போய்க் கணக்கை முடக்கும் அன்று மொத்த இணைப்பும் நிற்கும். அந்தத் தனி யூசருக்கு அட்மின் உரிமை கொடுக்காதீர்கள், செயலியின் தேவையான பகுதிகளுக்கு மட்டும் அனுமதி போதும். வாட்ஸ்அப் செய்திக்குப் பெயரும் எண்ணும் ஆர்டர் விவரமும் போதும் என்றால், முகவரியையும் பான் எண்ணையும் அந்தப் பாதையில் அனுப்பவே வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் ₹250 கோடி வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இடையில் இருக்கும் கருவியிலிருந்து தரவு கசிந்தாலும், வாடிக்கையாளரிடமிருந்து அதை வாங்கிய நிறுவனம்தான் பொறுப்பு. கருவியின் ஓட்டப் பதிவுகளில் வாடிக்கையாளர் விவரம் எத்தனை நாள் தங்குகிறது என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகு சந்தா கட்டுங்கள்.