மழை மாதத்தில் துணி ஏன் நாறுகிறது?

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்தால் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் மூங்கில் கழியை வெளியே நீட்ட வழியில்லை. துணி வீட்டுக்குள்ளேயே தொங்கும். மறுநாள் ஈர வாடை அடிக்கும். பலரும் சலவைத்தூளைச் சந்தேகித்து அடுத்த முறை ஒரு கரண்டி கூடப் போடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது, துணி எத்தனை மணி நேரம் ஈரமாகக் கிடந்தது என்பதைத்தான்.

அந்த வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். துணியில் தங்கிய வியர்வையும் தோல் எண்ணெயும் அதற்கு உணவு. அதிலிருந்து நாற்றமடிக்கும் அமிலத்தை உண்டாக்குகிறது. உலர்த்தினாலும் எளிதில் சாவதில்லை. அலமாரியில் வாடையில்லாமல் இருந்த துண்டு, முகம் துடைத்ததும் நாறுவது இதனால்தான்.

துணி காய்வதற்கு வெயிலைவிடக் காற்றில் மிச்சமிருக்கும் இடம் முக்கியம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் 90 விழுக்காடாக இருந்தால் இன்னும் 3 கிராமுக்கே இடம். 60 விழுக்காடானால் 12 கிராம். சிங்கப்பூரில் விடியுமுன் ஈரப்பதம் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆகவே இரவில் துவைத்துத் தொங்கவிடுவது மிக மோசமான பழக்கம். இயந்திரத்தில் நேரம் குறித்து வைத்து, காலை பத்து மணிக்குச் சலவை முடியும்படி செய்யலாம்.

வீட்டுக்குள் கணக்கு இன்னும் இறுக்கம். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் சுமார் 31 கன மீட்டர் காற்று. ஈரப்பதம் 80 என்றால் அது ஏற்கக்கூடியது 190 கிராம் நீர்தான். நான்கு கிலோ பருத்தித் துணியிலோ இரண்டு கிலோவுக்கு மேல் நீர் இருக்கும்! சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை மட்டும் போட்டால் அதே ஈரக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். விசிறி துணியைப் பார்த்திருக்கட்டும், எதிர்ப்பக்கச் சன்னல் திறந்திருக்கட்டும். அடைமழையென்றால் சன்னலைச் சாத்தி ஈரநீக்கியைப் போடுங்கள். துணிகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பிப் போட்டால்தான் பை காயும்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி, இயந்திரத்தையே நன்றாகப் பிழியவிடுவது. நிமிடத்துக்கு 800 சுற்றில் அந்த நான்கு கிலோ துணியில் ஏறத்தாழ 2.8 கிலோ நீர் தங்கும். 1,200 சுற்றில் 2.1 கிலோ அளவுக்குக் குறையும். பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.

சலவைத்தூள் கூடினால் நுரை மிஞ்சி அலசல் கெடும். துணியில் எஞ்சிய தூளின் படிவில் அழுக்கு ஒட்டும். உருளையில் முக்கால் பங்குக்கு மேல் துணி திணிக்க வேண்டாம்.

ஏற்கெனவே நாறும் பருத்தித் துண்டுகளுக்குச் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் வெளுப்புத்தூள் உதவும். ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். குளிர்ந்த நீரில் அது மந்தமாகவே வேலை செய்யும். 40 முதல் 60 டிகிரி வேண்டும். பல மேல்திறப்பு இயந்திரங்கள் நீரைச் சூடாக்காததால், வாளியில் வெந்நீர் கலந்து ஊறவைப்பதே உத்தமம். பட்டு, கம்பளி பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். துண்டுக்கு மென்மையூட்டியும் வேண்டாம்: இழைகளின் மேல் படிந்து, நீர் உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.