இருபதாவது சுற்றில் ஏமாற்றும் போர்வை

“முதல் 20 சுற்றுக்கு 3 நூல்கண்டு ஆனது. மொத்தம் 40 சுற்றுதானே என்று இன்னும் 3 வாங்கினேன். 29-ஆவது சுற்றின் பாதியிலேயே நூல் தீர்ந்துவிட்டது. கடையில் எடை குறைத்துத் தந்துவிட்டார்களா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குக் கொக்கி ஊசியால் குரோஷே போர்வை பின்னுகிறாராம்.

கடைக்காரர் பாவம், அவர்மேல் தப்பில்லை. 29-ஆவது சுற்றின் பாதி என்று படித்ததுமே எனக்கு வாசகியின் கையின்மேல் மரியாதைதான் வந்தது. அத்தனை சீராகப் பின்னியிருக்கிறார். கணக்குப்படி நூல் அங்கேதான் தீர வேண்டும்.

சால்வை பின்னுவதுபோல ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசை வரிசையாகப் போயிருந்தால் அவருடைய கணக்கு சரி. எல்லா வரிசையும் ஒரே நீளம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நூல். ஆனால் அவர் பின்னுவது ‘கிரானி ஸ்கொயர்’. நடுவில் ஒரு சின்ன வளையத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றிச் சதுரமாகவே வளரும் பின்னல்.

அதன் அழகு எண்ணிப் பார்த்தால் தெரியும். மூன்று தையல் சேர்ந்தது ஒரு கொத்து. முதல் சுற்றில் மூலைக்கு ஒன்றாக 4 கொத்து. இரண்டாவது சுற்றில் மூலைக்கு இரண்டாக 8. மூன்றாவதில் மூலைகளுக்கு 8, அப்புறம் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் 4, ஆக 12. சுற்றுக்கு நாலு கூடிக்கொண்டே போய் 40-ஆவது சுற்றில் 160 கொத்து. அந்த ஒரு சுற்று தின்னும் நூலில் முதல் எட்டுச் சுற்றையும் பின்னிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்!

மொத்தம் எத்தனை? கடைசிச் சுற்றையும் முதல் சுற்றையும் சோடி சேருங்கள்: 160 + 4 = 164. 39-ஆவதையும் இரண்டாவதையும் சேர்த்தாலும் 156 + 8 = 164. இப்படி 20 சோடி, ஆக 3,280 கொத்து. இதேபோல முதல் 20 சுற்றைக் கூட்டினால் 840தான். பார்வைக்கு அகலத்தில் பாதி வந்துவிட்டது, நூலில் கால்வாசிதான் போயிருக்கிறது. பரப்பளவு பக்கத்தின் வர்க்கமாக ஏறும் என்று பள்ளியில் படித்தது, மடியில் போர்வையாகக் கிடக்கும்போது ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

3 கண்டுக்கு 840 என்றால் கண்டுக்கு 280 கொத்து. 6 கண்டுக்கு 1,680. 28 சுற்று முடிய 1,624. மீதி 56 கொத்து, 29-ஆவது சுற்றுக்கு வேண்டிய 116-இல் ஏறக்குறைய பாதி. அவர் நின்ற இடம்!

அது ஏன் சரியாக நாலு நாலாகக் கூட வேண்டும்? தட்டையான சதுரத்தின் சுற்றளவு அப்படித்தான் சீராக வளரும். அதைவிடக் குறைத்தால் பின்னல் கிண்ணம்போலக் குவியும். கூட்டினால் ஓரம் சுருக்கம் சுருக்கமாக அலைபாயும். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி அலைபாயவிட்டு, காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் ஒரு வடிவியல் பரப்பைக் கையில் பிடித்து மடிக்கும்படி பின்னிக் காட்டினார். நம் ஊரில் ஆராய்ச்சி நிதி கேட்கும் விண்ணப்பத்தில் ‘உல்லன் நூல், கொக்கி ஊசி’ என்று எழுதினால் என்ன பதில் வரும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

சரி, முன்கூட்டியே கணக்குப் போட என்ன வழி? பத்து சென்டிமீட்டர் துண்டு பின்னி எடைபோடச் சொல்வார்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும். துண்டின் எடையே நாலைந்து கிராம் என்றால் அந்தப் பிழை போர்வை அளவுக்குப் பெருகிவிடும். அதைவிட, பத்துச் சுற்று பின்னிவிட்டுப் போர்வையையே தராசில் வையுங்கள். பத்துச் சுற்றில் 220 கொத்து. 40 சுற்று அதைப்போல ஏறக்குறைய 15 மடங்கு. வாசகியின் கண்டு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் பத்துச் சுற்று சுமார் 39 கிராம் இருந்திருக்கும். 15-ஆல் பெருக்கினால் 585 கிராம், அதாவது 12 கண்டு. நடுவில் அக்ரிலிக் நூலிலிருந்து பருத்தி நூலுக்கு மாறினால் மட்டும் இந்த எடைக் கணக்கு செல்லாது. பருத்தி இழை அக்ரிலிக்கைவிட அடர்த்தியானது, அதே தடிமனில் எடை கூடும். அப்போது உறையில் அச்சிட்டிருக்கும் மீட்டர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டையும் ஒரே நாளில் வாங்கியிருக்கலாமே? பிள்ளை பிறக்குமுன் அதிகம் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்று வீட்டில் சொன்னார்களாம். அந்தப் பயத்தின் பின்னால் பழைய துக்கங்கள் இருக்கும், கேலி செய்ய மாட்டேன். ஆனால் சாயத்தொட்டி பிரசவத் தேதி பார்த்துக் காத்திருக்காது. ஒரே நிற எண் போட்டிருந்தாலும் ‘லாட்’, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதி, மாறினால் சாயல் மாறும். அடுத்த மாதம் வாங்கும் கண்டு சற்றே வெளுத்தோ கறுத்தோ காட்டிக்கொடுத்துவிடும்.

வாசகிக்கு என் யோசனை: பாதியில் நிற்கும் 29-ஆவது சுற்றைப் பிரித்துவிடுங்கள். அங்கிருந்து துணிந்து வேறு நிறம். கரைபோல அமையும் அந்த 12 சுற்றுக்கு 1,656 கொத்து, கிட்டத்தட்ட 6 கண்டு. ஓரம் கட்டவும் நூல் வேண்டும், ஏழாக வாங்கிக்கொள்ளுங்கள். உறையில் லாட் எண் ஏழிலும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.