பழைய காரின் பட்டை ஸ்பிரிங்குக்கு டீசல் அடிக்காதீர்கள்

வாட்டர் சர்வீஸ் முடிந்து வண்டி லிஃப்டிலிருந்து இறங்கும் முன் கடைசியாக ஒரு வேலை நடக்கும். ஸ்பிரே துப்பாக்கியில் டீசலையோ கழிவு ஆயிலையோ ஊற்றி, அடிப்பாகம் முழுக்க ஒரு சுற்று அடிப்பார்கள். வண்டி பளபளவென்று வெளியே வரும். கிறீச் சத்தமும் நின்றிருக்கும். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு வைத்திருக்கும் பலர் இதைப் பாசத்தோடு, காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். பழைய கார்களின் பாரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளை, அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்குகளை, கழற்றி மாட்டுவது என் தொழில். அந்தக் கடைசிச் சுற்று வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

டீசல் சில நாளில் காய்ந்துவிடும், சத்தம் திரும்ப வந்துவிடும். ஆயில் காயாது, ஆனால் ரோட்டுத் தூசியையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டைகளுக்கு நடுவே போன மணலும் ஆயிலும் சேர்ந்தால் இன்ஜின் வால்வை அராவித் தேய்க்கிற பேஸ்ட் மாதிரிதான். வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையை அராவிக் குழி போடும்.

அதைவிடப் பெரிய சேதம் ரப்பரில். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான அம்பாசடரில் முன்பக்கம் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்பக்கம்தான் பட்டை. மெயின் பட்டையின் நுனியைச் சுருட்டிய வளையமான முன் கண்ணிலும், பின்னால் பட்டையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளிலும் இருப்பது ரப்பர் புஷ் என்ற குழல். பெட்ரோலிய எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் அது உப்பி, கொழகொழத்து, நசுங்கிவிடும். பிறகு இரும்போடு இரும்பு இடிக்கும், கண் நீள்வட்டமாகும், வளைவில் திரும்பும்போது பின்பக்கம் தனியாக ஒதுங்குகிற மாதிரித் தெரியும். சின்ன விலையில் போக வேண்டிய புஷ், மெயின் பட்டையையே மாற்ற வைத்துவிடும். ஹெரால்டு இன்னும் சிக்கல். 1961 முதல் சென்னையில் தயாரான அந்த வண்டிக்குப் பின்னால் குறுக்கே ஒரே ஸ்பிரிங், பட்டைகளின் நுனியில் ரப்பர் பட்டன்கள். அவை கரைந்து ஸ்பிரிங்கும் தளர்ந்தால் பின் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும்.

சரி, கிறீச்சுக்கு என்னதான் செய்வது? பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது கோளாறல்ல. வண்டி குதிப்பதை அடக்கும் வேலையில் அந்த உரசலுக்கும் பங்கு உண்டு. ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் வருவதற்கு முன் பல கார்கள் அதை நம்பித்தான் ஓடின. கெடுதல் துருவால் வருவது. எனவே ஸ்பிரிங்கைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, வயர் பிரஷ் போட்டு, நுனி பதிந்த குழியின் விளிம்பை நீளவாக்கில் மட்டும் மழுக்கி, கிராஃபைட் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, பிதுங்கியதைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். பிரிக்கும்போது, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் இருபக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்காமல் நட்டைத் தொடாதீர்கள், பட்டைகள் துள்ளும். பெயின்டும் கெட்டியாக வேண்டாம். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு போல்ட்டுக்கு அடியில் தடித்த பெயின்ட் நசுங்க நசுங்க, இறுக்கிய போல்ட் தானாகத் தளரும்.

அந்தக் காலத்து உயர்ரக ஆங்கிலேயக் கார்களில் பட்டைக்குத் தோல் உறை தைத்து, உள்ளே கிரீஸ் ஏற்றுவார்கள். அருமையான ஏற்பாடு, உறை கிழியாதவரை. கிழிந்தால் தண்ணீர் உள்ளே தங்கி, துரு கண்ணுக்குப் படாமலே வேலையை முடித்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் உறை போட்டால் வருஷத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.

பட்டை உடைவது பெரும்பாலும் திடீர் விஷயமல்ல. பாரம் ஏறும்போது பட்டையின் மேல்முகம் இழுபடுகிறது. அங்கே துரு தின்ற சின்னக் குழியிலிருந்து கீறல் கிளம்பும். யு போல்ட் தளர்ந்திருந்தால், ஏற்கெனவே பலவீனமான சென்டர் போல்ட் துளையிலேயே வளைவு விழும், அங்கேயே முறியும். சில சமயம் சென்டர் போல்ட்டே அறுந்து ஆக்ஸில் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து குறித்து வையுங்கள். ஒரு பக்கம் குறைந்துகொண்டே வந்தால் அன்றே தூக்கிப் பார்க்க வேண்டும்.

பட்டையில் வெல்டிங் கூடவே கூடாது. சைலன்சர் கிளாம்ப்பை வெல்டு செய்யும்போது எர்த் கிளிப்பைப் பட்டையில் மாட்டுவதும் தவறு. அங்கே பொறி தெறித்த புள்ளியே நாளைய கீறல். துரு போக ஆசிட்டில் ஊறவைப்பதும் வேண்டாம். ஆசிட்டிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் இப்படிப்பட்ட கடின எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

தொய்ந்த பட்டையை எழுப்ப நம் ஊரில் லாரிப் பட்டைக் கடைகள்தான் கதி. அவர்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேஸ் வைத்துச் சிவக்கச் சூடேற்றி வளைக்க மட்டும் விடாதீர்கள். சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் பதம் பார்த்த எஃகு அது. அதற்கு மேல் சூடேற்றி அப்படியே ஆறவிட்டால் பதம் போய்விடும், சில மாதத்தில் மறுபடி தொய்யும். சூடில்லாமல் அழுத்தி வளைக்கச் சொல்லுங்கள், அல்லது புதுப் பட்டை வெட்டி முறையாகப் பதம் வைக்கச் சொல்லுங்கள். ‘கூட ஒரு பட்டை போட்டுடலாம் சார்’ என்றால் சம்மதிக்க வேண்டாம். வண்டி உயரும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை அறுபது வயது பாடியின் தகடு வாங்கும்.

திரும்ப மாட்டும்போது யு போல்ட், நட்டெல்லாம் புதிது போடுங்கள். புஷ் போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். எனவே சக்கரம் தரையில் ஊன்றி, பாரம் முழுக்க இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், அநேகமாகக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.