ஓய்வு வேறு, ஒழிச்சல் வேறு

கல்லூரியில் படிக்கும் அக்கா மகள், ஒரு கேள்வித்தாளோடு சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நகரவாசிகள் தங்கள் 'லீஷர்' நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள், அதில் அவர்களுக்குத் திருப்தி உண்டா என்பது ஆய்வு. முதல் கேள்வி: 'உங்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?' கே.கே. நகரில் ஒரு பெரியவர், "நான் ரிட்டயர் ஆகி ஒன்பது வருஷமாச்சும்மா, இருபத்துநாலு மணி நேரமும் ஓய்வுதான்" என்றாராம். உள்ளேயிருந்து அவர் மனைவி, "எனக்கு எங்க கை ஒழியுது?" என்றாராம். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று கேட்டு என்னிடம் வந்தாள். கோளாறு, கேள்வியில் லீஷருக்குப் போட்டிருந்த 'ஓய்வு' என்ற சொல்லில்தான்.

'லீஷர்' என்பது லத்தீன் வினையான 'லிசேரே'யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'அனுமதி இருத்தல்' என்பது அந்த வினையின் பொருள். 'லைசென்ஸ்' பிறந்ததும் அதே வேரில்தான். ஆக, யாரும் ஏன் என்று கேட்காத, நம் இஷ்டத்துக்கு விடப்பட்ட நேரம் லீஷர். களைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஓய்வு அப்படியா? மழை ஓய்ந்தது, அலைந்து ஓய்ந்துபோனேன் என்கிறோம். தொல்காப்பிய உரியியலில் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்று ஒரு நூற்பா வருகிறது. இருந்தது குறைந்து தேய்வதுதான் ஓய்தல். ஓடிய உடம்பு வேகம் குறைந்து நிற்பதற்கு ஓய்வு பொருத்தமான சொல். ஓய்வூதியத்துக்கும் சரி. அந்தப் பெரியவர் காதில் அதுதான் விழுந்திருக்கிறது.

'பொழுதுபோக்கு' இன்னொரு வகை. பொழுது என்றால் நேரம், பேச்சுவழக்கில் சூரியனும்தான். பொழுது விடிந்தது, பொழுது சாய்ந்தது. 'பொழுது போச்சு, விளக்கைப் போடு' என்றால் இருட்டிவிட்டது என்று அர்த்தம். 'போ' தானாகப் போவது, 'போக்கு' போகச் செய்வது. தானாக நகராத பொழுதைத் தள்ளிவிடும் வேலை பொழுதுபோக்கு. 'ரிக்ரியேஷன்' என்ற சொல்லுக்குள் மறுபடி ஆக்குதல், தெம்பூட்டுதல் என்ற பொருள் இருக்கிறது. நம் சொல்லில் அது கிடையாது. இருந்தாலும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். நன்றாக வேர்பிடித்த சொல். 'டைம்பாஸ்' என்ற இந்திய ஆங்கிலமும் அதே வார்ப்புதான். ரிக்ரியேஷன் கிளப்புக்கு 'மனமகிழ் மன்றம்' என்று அழகான பெயர் வைத்தோம். இப்போது அந்தப் பலகையைப் பார்த்தால் உள்ளே மது கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள், பாவம் சொல்!

மெரினாவில் 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டார். அங்கே போகும் சென்னைக்காரர் யாரும் 'பொழுதுபோக்கச் செல்கிறேன்' என்று சொல்லிக் கேட்டதில்லை. 'காத்து வாங்கப் போறோம்' என்பார்கள். சுண்டலுக்குக் காசு, காற்று மட்டும் இனாம். ஆனாலும் 'வாங்க'த்தான் போகிறார்கள்.

அப்புறம் லீஷருக்கு என்னதான் தமிழ்? அந்த அம்மாவே சொல்லிவிட்டார்: 'கை ஒழியல.' ஒழிதல் என்றால் அழிதல் மட்டுமல்ல. நீங்குதல், காலியாதல், நேரம் கிடைத்தல் எல்லாம் உண்டு. அறையை ஒழித்துப் போடு என்கிறோமே, அந்த ஒழிப்பு. 'ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்தார்' என்பதை ஒரே பொருளின் இரட்டிப்பு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். ஆனால் ஓய்வு உடம்புக்கு, ஒழிச்சல் நேரத்துக்கு. மலையாளத்தில் 'ஒழிவு' இன்றும் லீஷர்தான், விடுமுறை நாள் 'ஒழிவுதிவசம்'. கன்னடத்தில் 'பிடுவு', நம் 'விடு'வின் உறவு. நாம் மட்டும் 'ஒழிக' கோஷம் போட்டுப் போட்டு அந்தச் சொல்லைப் பயமுறுத்தும் சொல்லாக்கிவிட்டோம்.

அந்த அம்மாவின் பதிலுக்குக் கணக்கும் இருக்கிறது. 2024 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். நேரம் ஒழிந்தால்தானே அதில் நிறைவு உண்டா என்று கேட்க முடியும்?

'லீஷர் சாட்டிஸ்ஃபேக்ஷன்' என்ற அளவுகோலை 1980இல் பியர்டு, ராகெப் என்ற இருவர் வகுத்தார்கள். மனம், அறிவு, உறவு, இளைப்பாறல், உடல், அழகுணர்வு என்று ஆறு பக்கமாக அது கேட்கிறது. இளைப்பாறல் ஆறில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். இதை 'ஓய்வுநேரத் திருப்தி' என்று போட்டால், மீதி ஐந்தும் கேள்வி கேட்கும்போதே காதில் விழாமல் போகும். 'ஒழிவுநேர நிறைவு' என்பது என் பரிந்துரை. 'ஒழிவு' உறுத்தினால் 'ஒழிந்த நேரம்' என்று எழுதலாம்.

கடைசியில் முதல் கேள்வியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: 'வேலையெல்லாம் போக, ஒரு நாளில் உங்களுக்கென்று எவ்வளவு நேரம் ஒழியும்?' அக்கா மகள் மறுபடி கே.கே. நகர் போனாள். அந்த அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "மத்தியானம் ஒரு முக்கால் மணி, கேஸ் சிலிண்டர்காரர் வராம இருந்தா" என்றாராம்.